பெயிண்டரை இப்போது உள்ளே விடாதீர்கள்

“புது வீட்டுக்கு வந்து 5 மாதம் ஆகிறது. குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரின் அடியில் பெயிண்ட் பொரிந்து உதிர்கிறது. பில்டர் 2 முறை ஆள் அனுப்பினார். சுரண்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்கள். 3 வாரத்தில் மறுபடியும் அதே இடத்தில் பொரிகிறது. இப்போது அலமாரியின் அடிப்பலகையும் ஊதிவிட்டது. டைல்ஸை உடைத்தே ஆக வேண்டுமா? செலவு யாருடையது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றாம் முறை பெயிண்ட் அடிக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இதுதான் என் முதல் பதில். கட்டட வேலையில் குழாய்ப் பணிகளை மேற்பார்வை பார்த்துப் பல வருடம் ஆயிற்று. புது வீடுகளில் நான் பார்த்த பெரிய சேதங்களில் பாதிக்கு மேல் முதல் நாள் கசிவால் வந்தவை அல்ல, கசிவின் மேல் பூசி மூடிய மாதங்களில் வந்தவை. ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட் தண்ணீரை வெளியே வர விடாது. அது உள்ளேயே மேலும் பக்கவாட்டிலும் பரவும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று காட்டிக்கொண்டிருந்த தடயமும் அந்தப் பூச்சோடு போய்விடும். உங்கள் வீட்டில் இது 2 முறை நடந்திருக்கிறது.

இன்று செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அந்தச் சுவரில் சுவிட்ச் போர்டோ பிளக் பாயிண்டோ இருந்தால் அதற்குரிய பிரேக்கரை அணைத்துவிடுங்கள். சுவருக்குள் போகும் மின்குழாய் வழியாகத் தண்ணீர் ஓடி, கறையே இல்லாத இடத்தில் சுவிட்ச் பெட்டிக்குள் சொட்டுவது உண்டு. மின்கசிவு வந்தால் தானாக அணையும் ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்றால் அதைக் கோளாறு என்று நினைத்துத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள். எங்கோ கம்பியில் ஈரம் ஏறியிருக்கலாம். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலமாவது நகர்த்துங்கள். கறையின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி, படம் எடுங்கள். நாளையும் மறுநாளும் அந்தக் கோட்டைத் தாண்டி ஈரம் போகிறதா என்று பாருங்கள். சாதாரணப் பென்சில் கோடுதான், ஆனால் பிறகு பில்டரோடு பேசும்போது பெரிய துணை அது.

“புதுக் கட்டடம், அப்படித்தான் இருக்கும், தானாகக் காய்ந்துவிடும்” என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. கான்கிரீட்டிலும் பூச்சிலும் கலந்த தண்ணீர் வெளியேற மாதக்கணக்கில் ஆகும். கான்கிரீட்டுக்கு 25 மில்லிமீட்டர் கனத்துக்குச் சுமார் ஒரு மாதம் என்பது எங்கள் கைக்கணக்கு. ஆனால் கட்டும்போது சேர்ந்த ஈரம் சுவர் முழுக்கப் பரவலாக இருக்கும். வாரத்துக்கு வாரம் குறையும். ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், குறையாமல் நிற்கிற ஈரம் வேறு எங்கிருந்தோ தண்ணீர் வந்து சேருகிற ஈரம். உங்களுடையது இந்த இரண்டாவது வகை.

எங்கிருந்து வருகிறது? இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். கறை இருக்கும் இடத்துக்கு நேர் பின்னால் உடைக்கிறார்கள். தண்ணீர் ஸ்லாபின் சரிவிலும், செங்கல் இடுக்கிலும், குழாயின் வெளிப்புறத்திலும் ஓடி, வசதியான இடத்தில்தான் வெளியே வரும். ஆகவே எந்த இடத்தில் நனைகிறது என்பதைவிட எந்த நேரத்தில் நனைகிறது என்பதைக் கவனியுங்கள். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு நேரப் பழக்கம் உண்டு.

தண்ணீர் வரும் குழாயில் 24 மணி நேரமும் அழுத்தம் நிற்கும். அதில் கசிவு என்றால் நீங்கள் ஊருக்குப் போயிருந்தாலும் சுவர் நனைந்துகொண்டே இருக்கும். கழிவுநீர்க் குழாயில் நீங்கள் தண்ணீர் விட்டால்தான் தண்ணீர். குளித்த பிறகு, துவைத்த பிறகு ஈரம் கூடும். 3 நாள் யாரும் அந்தக் குளியலறையைத் தொடாவிட்டால் குறையும். வெந்நீர்க் குழாயில் கசிவு இருந்தால் ஹீட்டர் போட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கூடலாம். மழைக்குப் பிறகு மட்டும் நனைந்தால் அது குழாயே அல்ல, வெளிச்சுவர். ஏசி ஓடும் மாதங்களில் மட்டும் நனைந்தால் அதன் வடிகுழாயைப் பாருங்கள். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு நோட்டில் 5 நாள் குறித்து வையுங்கள்.

அதன் பிறகு சோதனைகள். இரவு படுக்கும் முன் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு வாட்டர் மீட்டரைப் படம் எடுத்து வைத்து, காலையில் யாரும் தண்ணீர் தொடும் முன் மறுபடி பாருங்கள். மேல்தொட்டி இருந்தால் தண்ணீர் ஏறும் வழியை அடைத்துவிட்டு மட்டத்தைக் குறியுங்கள். குறைந்திருந்தால் முதலில் கழிப்பறை ஃப்ளஷ் டேங்கைச் சந்தேகப்படுங்கள், அது சத்தமில்லாமல் ஒழுகும். டேங்கில் கொஞ்சம் சமையல் வண்ணம் கரைத்துவிட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கோப்பைக்குள் நிறம் இறங்கினால் குற்றவாளி அதுதான். ஆனால் மீட்டர் நகரவில்லை என்பதற்காகக் குழாய் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். நொடிக்கு ஒரு துளி என்றாலே நாளுக்குக் குறைந்தது 4 லிட்டர் ஆகிவிடும். அதைவிட மெதுவான கசிவைப் பல மீட்டர்கள் காட்டாது. ஒரு சுவரைக் கெடுக்க அந்த மெதுவான கசிவே போதும்.

கழிவுநீர்ப் பக்கத்தை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதியுங்கள். முதல் நாள் வாஷ்பேசினில் மட்டும் 3 வாளி தண்ணீர். மறுநாள் கழிப்பறை மட்டும். அதற்கு மறுநாள் தரை. தரைக்கு, தண்ணீர் வெளியேறும் டிராப்பின் வாயை நன்றாக அடைத்து, வாசலில் சின்ன வரம்பு கட்டி, 25 மில்லிமீட்டர் உயரம் தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் விடுங்கள். பக்கத்திலேயே ஒரு பாத்திரத்தில் அதே உயரத்துக்குத் தண்ணீர் வையுங்கள். பாத்திரத்தில் குறைந்தது ஆவியானது. அதைவிடக் கூடுதலாகத் தரையில் குறைந்திருந்தால் அந்த வித்தியாசம் தரைக்குள் இறங்கியிருக்கிறது. பெரும்பாலும் டைல்ஸ் வழியாக அல்ல, டிராப்பும் ஸ்லாபும் சேரும் வட்டமான இடுக்கு வழியாக. அந்த இடுக்கை வெறும் சிமென்ட் கலவையால் அடைத்துவிட்டுப் போயிருந்தால் பிளாஸ்டிக்கும் கலவையும் ஒட்டவே ஒட்டாது. தண்ணீருக்கு அது திறந்த வாசல்.

தண்ணீர் வரும் குழாயைச் சந்தேகப்பட்டால் ஒரே சோதனைதான் நம்பகமானது: பிரஷர் டெஸ்ட். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைச் செய்ததாகச் சொல்லிவிட்டுச் செய்யாமல் விடுவதுதான் அதிகம். ஹீட்டரையும் ஷவர், குழாய்களையும் கழற்றி, ஒவ்வொரு வாயிலும் பிளக் போட வேண்டும். குழாயில் மெதுவாகத் தண்ணீர் நிரப்பி, உயரமான முனையைத் திறந்து காற்றை முழுக்க வெளியேற்ற வேண்டும். பிறகு கைப்பம்பால் அழுத்தம் ஏற்ற வேண்டும்; வழக்கமான வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு. பம்பின் வால்வை மூடிவிட்டு, அழுத்தம் காட்டும் கேஜ் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நான் 2 மணி நேரத்துக்குக் குறையாமல் விடுவேன். ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும்: 10 மீட்டர் உயரத் தொட்டி கொடுப்பது சுமார் 1 பார் அழுத்தம்தான். “தொட்டித் தண்ணீர் விட்டுப் பார்த்தோம், ஒழுகவில்லை” என்பது பிரஷர் டெஸ்ட் ஆகாது. காற்றை வைத்து அழுத்தம் ஏற்றிச் சோதிக்கிறேன் என்று யாராவது வந்தால் பிளாஸ்டிக் குழாயில் அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள். உடைந்தால் துண்டுகள் தெறித்து ஆளைக் காயப்படுத்திவிடும்.

குளிர்நீர், வெந்நீர் இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் கேஜ் இறங்குகிறதோ அந்தப் பக்கம்தான் உடைப்பு. பாதி டைல்ஸ் அங்கேயே தப்பித்துவிடும்.

புது வீட்டுக் குழாய் ஏன் ஒழுகுகிறது என்று உங்களுக்குக் கோபம் வருவது நியாயம்தான். பழைய வீட்டில் குழாய் தேய்ந்து ஒழுகும். புது வீட்டில் கைவேலைக் குறையால் ஒழுகும். ஒரு வீட்டில் சமையலறைப் பின்சுவர் 8 மாதம் கழித்து நனைந்தது. பிரஷர் டெஸ்ட்டில் வெந்நீர்ப் பக்கம் இறங்கியது. சுவரைத் திறந்து, குழாய் திரும்பும் இடத்தில் இருந்த எல்போ இணைப்பை இரண்டு பக்கமும் வெட்டி எடுத்துக் கையில் பிடித்துத் திருகினேன். பாட்டில் மூடி மாதிரி சுலபமாகச் சுழன்று கழன்றது. குழாயின் முனையில் எவ்வளவு ஆழம் சொருக வேண்டும் என்று பிளம்பர் போட்ட பென்சில் குறி அப்படியே இருந்தது. குழாயை ஒட்டும் பசையான சால்வென்ட் சிமென்ட் பூசிய அடையாளம் ஒரு சொட்டுகூட இல்லை. அளவு பார்க்கச் சொருகியவர் ஒட்டாமலேயே அடுத்ததற்குப் போயிருக்கிறார். வெந்நீருக்குப் போடும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் இறுக்கமாகச் சொருகும் என்பதால் அந்த இறுக்கமே 8 மாதம் தாங்கியது. வெந்நீர் ஓடும்போது குழாய் நீளும். 3 மீட்டர் குழாய் 40 டிகிரி சூடேறினால் சுமார் 8 மில்லிமீட்டர். தினமும் நீண்டு, தினமும் சுருங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்திருக்கிறது. சுவரை மூடும் முன் ஒரு நாள் பிரஷர் டெஸ்ட் செய்திருந்தால் அந்த எல்போ அன்றே கழன்று விழுந்திருக்கும்.

இன்னொன்று ஸ்க்ரூ. கண்ணாடி மாட்டவோ அலமாரி பொருத்தவோ டிரில் போடும்போது குழாயில் துளை விழுந்துவிடும். உடனே அந்த ஸ்க்ரூவே துளையை அடைத்துக்கொள்ளும், யாருக்கும் தெரியாது. மாதங்கள் கழித்துத் துருப்பிடித்த பிறகுதான் சுவர் வியர்க்க ஆரம்பிக்கும். உங்கள் அலமாரி சுவரோடு பொருத்தியதா? குளியலறைப் பக்கம் டவல் கம்பி அதே உயரத்தில் இருக்கிறதா? உடைக்கும் முன் இவற்றைப் பாருங்கள். ஆனால் தண்ணீரை மெயினில் அடைக்காமல் எந்த ஸ்க்ரூவையும் கழற்றாதீர்கள்.

மூன்றாவது காரணம் பித்தளை மரை உள்ள இடங்கள். டெஃப்லான் டேப்பை அளவுக்கு மேல் சுற்றி ஸ்பேனரால் முழு பலம் கொடுத்து முறுக்கினால் வெளியே இருக்கும் பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் விழும். ஷவர் மிக்ஸர், ஆங்கிள் வால்வு இருக்கும் இடங்களில் இது அதிகம்.

டைல்ஸ் உடைக்க வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். சோதனையில் குழாய் என்று தெரிந்தால், ஆம், உடைக்கத்தான் வேண்டும், ஆனால் 2 அல்லது 3 டைல்ஸ். படுக்கையறைப் பக்கத்திலிருந்து குழாயை எட்ட முடிந்தால் அந்தப் பக்கம் திறப்பதே நல்லது. பூச்சை மறுபடி பூசிக்கொள்ளலாம், ஆனால் டைல்ஸ் அதே நிறத்தில் கிடைக்காமல் போகலாம். “உடைக்காமலே சரி செய்கிறோம், டைல்ஸ் இடுக்கில் எபாக்சி போட்டால் போதும்” என்பார்கள். தரை மேல் விழும் தண்ணீர் இடுக்கு வழியாக இறங்குகிறது என்று நிரூபணமானால் அது உதவும். அழுத்தம் உள்ள குழாயின் கசிவை எந்தப் பசையும் டைல்ஸ் மேலிருந்து நிறுத்தாது. அதேபோல விரிசலின் மேல் பசையைச் சுற்றி மூடுவதும் வேண்டாம். கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, புதுத் துண்டும் அதை இணைக்கும் கப்ளிங்கும் போட்டு, பசை இறுகும் நேரம் முடியும் வரை தண்ணீர் விடாமல் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று பசை டப்பாவிலேயே எழுதியிருக்கும். குளிர் காலத்தில் கூடும். பிறகு சுவர் திறந்திருக்கும்போதே மறுபடி பிரஷர் டெஸ்ட், நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க.

கண்டுபிடித்துச் சரி செய்தவுடன் எல்லோருக்கும் அவசரம் வந்துவிடும். மறுநாளே கொத்தனார் வந்து நிற்பார். இங்கே நீங்கள் பிடிவாதமாக இருக்க வேண்டும். கசிவு நின்றுவிட்டது, சுவர் இன்னும் காயவில்லை. பொரிந்த பெயிண்டையும் பட்டியையும் ஈரம் தெரியும் எல்லையைத் தாண்டி ஒரு முழம் வரை சுரண்டி எடுத்துவிடுங்கள். தட்டினால் பொக்கைச் சத்தம் கேட்கும் பூச்சையும் கொத்தி எடுத்துவிடுங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் போட்டுக் கழுவாதீர்கள், உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். உலர்ந்த பிரஷால் தேய்த்து, உதிர்ந்ததை அள்ளிக் கொட்டுங்கள். சுவரோடு காற்று ஓடும்படி மின்விசிறியைப் பக்கவாட்டில் வையுங்கள். வெளிக்காற்று உலர்ந்திருந்தால் ஜன்னலைத் திறக்கலாம். மழைக்காலம் என்றால் ஜன்னலை மூடிவிட்டு ஈரம் உறிஞ்சும் டிஹியூமிடிஃபயரை ஓட விடுவதே சரி. ஹீட்டரை வைத்து ஒரே நாளில் சுட்டுக் காயவைக்க வேண்டாம், மேல்பரப்பு மட்டும் காய்ந்து விரிசல் விடும்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் ஈரத்தை விடுகிறது. அறைப் பக்கம் கோத்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். ஈரமானி இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் செங்கல் சுவரில் அது காட்டும் எண்ணை அப்படியே சதவீதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், உப்பு இருந்தால் காய்ந்த சுவரையும் ஈரம் என்று சொல்லும். கெடாத ஒரு சுவரில் அளவெடுத்து, கெட்ட சுவரை வாரம் ஒரு முறை அதே இடங்களில் அளந்து, இரண்டும் நெருங்கி வரும் வரை பொறுங்கள். சில வாரங்கள் ஆகலாம், தடித்த சுவரானால் மாதங்களும் ஆகலாம். வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்து இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கலாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள். உள்ளே நிற்கும் ஈரம் அந்தப் பூச்சுக்கு மேலே இன்னும் உயரத்தில் வெளிவரும்.

அலமாரி விஷயத்தில் நல்ல செய்தி குறைவு. மரத்தூளையும் மரநாரையும் அழுத்திச் செய்த எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு பலகைகள் ஊதினால் பழைய அளவுக்குத் திரும்பாது, மாற்றத்தான் வேண்டும். தண்ணீர் தாங்கும் தரமான பிளைவுட் என்றால் காய்ந்து பிழைக்கலாம். பின்பலகையைக் கழற்றிப் பாருங்கள், பூஞ்சை அங்கேதான் ஒளிந்திருக்கும். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும் வாய்ப்பு அதிகம். உங்களுக்கு மாதங்கள் கடந்துவிட்டன. ஆஸ்துமா உள்ளவர்களையும் சிறு குழந்தைகளையும் அந்த அறையில் இப்போது படுக்க வைக்காதீர்கள். துடைக்கும்போது என்95 முகமூடியும் கையுறையும் போடுங்கள். டைல்ஸ், கண்ணாடி போன்ற வழவழப்பான பரப்பைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தால் போதும். பூச்சுக்குள் வேரோடியதைப் பிளீச்சிங் போட்டு வெளுக்க வைப்பதால் பயனில்லை, பூச்சையே எடுக்க வேண்டும். பிளீச்சிங்கை அமிலம் உள்ள கழிப்பறைத் திரவத்தோடோ அம்மோனியாவோடோ கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.

கான்கிரீட் தூணோ மேல்தளமோ நனைந்திருந்து அங்கே பழுப்பு நிறக் கறையும் கம்பியின் போக்கில் நீளவாக்கில் விரிசலும் தெரிந்தால் பிளம்பரோடு நிற்காதீர்கள், கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும், அது உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்துவிடும்.

செலவு யாருடையது? ஒப்பந்தத்தை எடுத்துக் குறைபாடுகளுக்குப் பில்டர் பொறுப்பேற்கும் காலம் எவ்வளவு என்று பாருங்கள். 5 மாதத்தில் அது முடிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சில நாடுகளில் ஒப்பந்தத்துக்கு மேல் சட்டமும் தனியாகக் காலம் கொடுக்கிறது. போனில் பேசியது போதாது, எழுத்தில் கொடுங்கள்: எந்தத் தேதியில் முதலில் பார்த்தீர்கள், எந்தத் தேதிகளில் அவர்கள் பெயிண்ட் அடித்தார்கள், உங்கள் 5 நாள் குறிப்பும் சோதனைகளும் என்ன காட்டின. அவர் செய்ய வேண்டியதையும் வரிசையாக எழுதுங்கள்: காரணத்தை எழுத்தில் சொல்வது, உங்கள் முன்னிலையில் பிரஷர் டெஸ்ட், பழுதான பகுதியை மாற்றுவது, சுவர் காயும் வரை காத்திருப்பது, பூச்சு, டைல்ஸ், அலமாரி எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. பதிலுக்கு ஒரு தேதி குறிப்பிடுங்கள். பில்டரின் குறையால் வந்த சேதம் என்றால் குழாய்த் துண்டின் விலை மட்டுமல்ல, அது கெடுத்ததும் அவர் கணக்கில்தான் சேர வேண்டும். ஆனால் அலமாரிக்காரர் போட்ட ஸ்க்ரூ என்று தெரிந்தால் பில்டரைக் குறை சொல்ல முடியாது. அதனால்தான் காரணத்தை நிரூபிப்பதில் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன்.

அவர் வர மறுத்தால் சம்பந்தமில்லாத ஒரு பொறியாளரிடம் அறிக்கை வாங்கி, தேதி சொல்லி எழுத்தில் தெரிவித்துவிட்டு, கசிவை நிறுத்தும் வேலையை மட்டும் நீங்களே செய்துவிடுங்கள். பில்டர் வரட்டும் என்று தண்ணீரை ஓட விட்டால் கூடிய சேதத்துக்கு உங்களையே பொறுப்பாக்கலாம். வீட்டுக் காப்பீடு இருந்தால் அவர்களுக்கும் உடனே தெரிவியுங்கள். பல பாலிசிகள் திடீரென உடைந்ததை ஒரு மாதிரியும் மெதுவாகக் கசிந்ததை வேறு மாதிரியும் பார்க்கும், தாமதம் உங்களுக்கு எதிராகப் போகும். வெட்டி எடுத்த குழாய்த் துண்டைப் பிளம்பர் குப்பையில் போட விடாதீர்கள். பையில் போட்டு, தேதி எழுதி, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

சுவரை மூடும் நாளில், குழாய் வெளியே தெரியும்போதே தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் டேப் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள். புது அலமாரி மாட்ட வருபவர் டிரில்லை எடுக்கும் முன் அந்தப் படத்தை அவரிடம் காட்டுங்கள்.